பாதி சிலாப்

அந்தத் தெருவின் நடுவே ஓடிய சாக்கடையைப் பற்றி இரண்டு நகராட்சிகளுக்கும் ஒரே கருத்துதான் இருந்தது: அது அடுத்தவருடையது. வேறு எந்த விஷயத்திலும் அவை ஒத்துப்போனதாக யாருக்கும் ஞாபகமில்லை. கிழக்கு நகராட்சி குப்பை அள்ளும் நாளில் மேற்கு நகராட்சி அள்ளாது. மேற்கு அள்ளும் நாளில் கிழக்கின் குப்பை காற்றில் பறந்துபோய் மேற்கில் சேர்ந்து, அங்கே வெளியூர்க் குப்பை என்று தனியாக ஒதுக்கி வைக்கப்படும். இரண்டுக்கும் நடுவில் எல்லைக்கோடு சாக்கடையின் நட்டநடுவே போகிறது என்று எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் ஆணை எழுதிவிட்டுச் செத்துப்போயிருந்தார். ஓடுகிற தண்ணீரில் எதைக் கொண்டு கோடு போட்டார் என்று அவரை யாரும் கேட்டுவைக்கவில்லை.

தையற்காரரின் வீடு கிழக்குக் கரையில் இருந்தது. முன்னறைதான் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஓர் இஸ்திரி மேஜை, சுவரோரம் ஒரு நாற்காலி. அந்த நாற்காலி அக்காவுடையது. அக்காவுக்குக் கண் தெரியாது. தம்பியை வளர்ப்பதற்காக ராவும் பகலும் தைத்துத் தைத்தே பார்வை போயிற்று என்று தெருவில் சொல்வார்கள். தையற்காரரும் அப்படித்தான் நம்பினார். அக்கா மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"போக வேண்டிய கண்ணு போச்சு. அதுக்கு நீ ஏன்டா மூக்கைச் சிந்தறே? பட்டனை எடு."

காஜாவும் பட்டனும் அவள் வேலை. சட்டையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "இது தொப்பைக்காரன் சட்டை. நாலாவது பட்டனை ரெட்டை நூல்ல தைக்கணும்" என்பாள். தெருவில் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர்.

எதிர்க்கரையில், அதாவது மேற்கு நகராட்சியில், டீச்சர் இருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. தினமும் சாயங்காலம் அக்கா கோலைத் தட்டிக்கொண்டே சாக்கடையைத் தாண்டி டீச்சர் வீட்டுக்குப் போவாள். டீச்சர் பேப்பர் படித்துக்காட்டுவாள். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு செய்திக்கும் தீர்ப்புச் சொல்வாள். ஒன்று, "இருக்கும்." இல்லாவிட்டால், "பொய். அடுத்தது படி." அமைச்சர் பேச்சு எதற்கும் இதுவரை "இருக்கும்" வந்ததில்லை.

சாக்கடை ஆளை முழுங்குகிற ஆழம். இரண்டு ஊர் மழையும் அதில்தான் இறங்க வேண்டும். தெருவில் அதைத் தாண்ட ஒரே ஒரு சிமெண்ட் சிலாப்தான் இருந்தது, இல்லாவிட்டால் பெரிய பாலம் வழியாக வெகுதூரம் சுற்ற வேண்டும். கோலால் தட்டினால் டொக் என்று கேட்கும். டொக் என்று கேட்டால் காலை வைக்கலாம், கேட்காவிட்டால் வைக்கக்கூடாது. அக்காவின் பூகோளம் அவ்வளவுதான். பல வருஷம் அது பிசகாமல் நடந்தது.

ஒருநாள் ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்து ஏறி, சிலாப் இரண்டாக உடைந்து உள்ளே விழுந்தது.

தையற்காரர் மறுநாளே கிழக்கு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். எல்லைப் பிரிவு என்று ஓர் அறை இருந்தது. அதன் கதவு பாதிதான் திறக்கும். பின்னால் பீரோ தடுத்தது. உள்ளே இருந்த அலுவலர் அவர் சொன்னதை அக்கறையாகத்தான் கேட்டார்.

"சிலாப் எந்தப் பக்கம் உடைஞ்சுது?"

"நடுவுலங்க."

"நடுவுன்னா?"

"சரியா நடுவுல. ரெண்டாப் பொளந்து உள்ள போயிருச்சு."

அலுவலர் முகம் மலர்ந்தது. "அப்படின்னா எல்லைக்கோட்டுலயே உடைஞ்சிருக்கு. எவ்வளவு ஒழுங்கா உடைஞ்சிருக்கு பாருங்க! கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுது, அந்தப் பக்கம் அவங்களுது. கோடு யாருதுன்னு இன்னும் முடிவாகலை. அது முடிவாகட்டும், உடனே பண்ணிரலாம்."

மேற்கு நகராட்சியில் நாற்காலியே கொடுத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் எந்த ஊர் என்று கேட்டார்கள். எதிர்க்கரை என்று சொன்னதும் எழுந்திருக்கச் சொன்னார்கள்.

"வெளியூர்க்காரங்க மனுவை நாங்க வாங்கறதில்லைங்க. தப்பா நினைக்காதீங்க."

அந்த அறையின் ஜன்னலில் இருந்து பார்த்தால் தையற்காரரின் துணிக்கொடி தெரிந்தது. கொடியில் அவருடைய வேட்டி ஆடிக்கொண்டிருந்தது. வெளியூர் வேட்டி.

இது வேலைக்கு ஆகாது என்று அவர் தன் வெட்டு மேஜையின் மேல்பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து சாக்கடையின் குறுக்கே போட்டார். நல்ல தடிமனான பலகை. அக்கா கோலால் தட்டிப் பார்த்தாள். "டொக்குன்னு கேக்கலியே, தட்டுன்னு கேக்குதே" என்று முணுமுணுத்துவிட்டு, அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள். தையற்காரர் அதற்கப்புறம் துணியைத் தரையில் விரித்து, முட்டி போட்டு வெட்டினார். முதுகு விண்டுபோனது. பரவாயில்லை என்றிருந்தது.

அந்த வாரம் இரண்டு நகராட்சிகளும் ஒரே நேரத்தில் வந்தன. வரலாற்றிலேயே முதல்முறை என்று டீச்சர் சொன்னாள். கிழக்கு ஆட்கள் கிழக்குக் கரையிலும் மேற்கு ஆட்கள் மேற்குக் கரையிலும் நின்றார்கள். இரண்டு ஊர்களை இணைக்கும் பாலத்தை இரண்டு ஊர் அனுமதியும் இல்லாமல் கட்டியது குற்றம் என்று கிழக்கின் பொறியாளர் படித்தார். கூடவே மேற்கின் பொறியாளரும் அதையே படித்தார். பலகையைப் பறிமுதல் செய்ய வேண்டியதுதான். யார் செய்வது? பாதிதானே அவரவருக்கு. ரம்பம் கொண்டுவந்து பலகையை நட்டநடுவில் அறுத்தார்கள். ஆளுக்குப் பாதியை அவரவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு, எதிரும் புதிருமாகப் போய்விட்டார்கள். நீளவாக்கில் அறுத்திருந்தால் ஒரு பாதியையாவது குறுக்கே போட்டு நடந்திருக்கலாம் என்று தையற்காரருக்கு ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது.

பலகை விவகாரம் மேலிடம் வரை போய், எல்லைச் சீரமைப்புக் கூட்டுக்குழு என்று ஒன்று பிறந்தது. யார் அலுவலகத்தில் கூடுவது என்பதில் தகராறு வந்ததால், சாக்கடைமேலேயே கூடினார்கள். நீளமான மேஜை ஒன்றை இரண்டு கால் கிழக்கிலும் இரண்டு கால் மேற்கிலும் ஊன்றுகிற மாதிரி போட்டார்கள். மேஜைக்கு யாரும் அனுமதி கேட்கவில்லை. கிழக்கு ஆணையர் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார்.

"இந்தச் சாக்கடையில எங்களுக்குச் சொந்தம் பாதிதான். அந்தப் பாதியையும் நம்ம அண்டை நகராட்சிக்கு அன்பளிப்பாக் குடுக்க நாங்க தயார். குடுத்துச் சிவந்த கை இது. பதிலுக்கு நாங்க எதையும் எதிர்பார்க்கலை. அந்தப் பக்கம் இருக்கே, பெரிய கடைவீதி, அதை மட்டும் எங்களோட சேர்த்துட்டாப் போதும். வரி வசூலிக்கற சிரமத்துலேர்ந்து அவங்களை விடுவிக்கணும்கற ஒரே நல்லெண்ணம்தான்."

மேற்கு ஆணையர் அதற்கு உருகிவிட்டார். "அண்ணன் மனசு யாருக்கு வரும்? ஆனா அன்பளிப்பு வாங்கறது எங்க கொள்கைக்கு விரோதம். இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் வெளிப்படையா எதையும் வாங்கினது கிடையாது. வேணும்னா எங்க பாதிச் சாக்கடையை அண்ணனுக்கே தர்றோம். கடைவீதி எங்க வயித்துப் பிள்ளை மாதிரி. சாக்கடை அப்படியில்லை, அது மக்களோட சொத்து."

பிறகு பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. பொதுமக்கள் என்று கிடைத்தவர் தையற்காரர். கழுத்தில் டேப் தொங்க, மைக்கின் முன்னால் வந்து நின்றார். 

"ஐயா, எங்கக்காவுக்குக் கண்ணு தெரியாது. ஒரு சிலாப்பு போட்டுக் குடுத்தா..."

இரண்டு கரையிலும் கை தட்டினார்கள். அவர் மேலே பேச வாயைத் திறப்பதற்குள் மைக் கைமாறிப் போய்விட்டது.

முடிவு அன்றே அறிவிக்கப்பட்டது. எல்லை இருந்த இடத்திலேயே இருக்கும். சிலாப் தேவைதான் என்று குழு ஒப்புக்கொள்கிறது. அவரவர் பாதியை அவரவர் மூடிக்கொள்ள வேண்டியது.

தையற்காரர் வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா பட்டனைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாதி சிலாப்பா? ஒரு கை வெச்ச சட்டையைத் தைச்சு அவனுக்கு அனுப்புடா. இன்னொரு கையைப் பக்கத்து ஊர்ல வாங்கிக்கச் சொல்லு."

கிழக்கு நகராட்சி சொன்னால் செய்யும். பாதி சிலாப் வந்து இறங்கியது. ஒரு முனை கிழக்குக் கரையில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. மறுமுனை சாக்கடையின் நடுவே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. கீழே ஒரு மரமுட்டுக் கொடுத்திருந்தார்கள். திறப்பு விழாவும் நடந்தது. ரிப்பன் மட்டும் முழுசாக இருந்தது. அதன் மறுமுனையை எதிர்க்கரையில் கட்ட மேற்கு அனுமதிக்காததால், தையற்காரரைச் சிலாப்பின் அந்தர நுனியில் நிறுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். ஆணையர் வெட்டினார்.

தையற்காரர் பொறியாளரின் பின்னால் ஓடினார். "சார், இது இப்போ முன்னைவிட ஆபத்துங்க. நடுவுல போய் நின்னுருது. கண்ணு தெரிஞ்சவங்களே ஏமாந்துருவாங்க."

"எங்க பாதி நூறு சதவீதம் முடிஞ்சிருச்சுங்க" என்றார் பொறியாளர். "அவங்க பாதி டெண்டர்ல இருக்கு. இதை நீங்க பாதி சிலாப்னு பார்க்காதீங்க. எங்க அளவுல இது முழு சிலாப்."

தையற்காரர் இஸ்திரி மேஜையைத் தூக்கிக்கொண்டு போய் சிலாப்பை மறித்து வைத்தார். திறந்துவைத்த பொதுச்சொத்தை மக்கள் பயன்படுத்த விடாமல் தடுத்ததாக மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அவரிடம் மெஷினும் நாற்காலியும்தான் மிச்சம். அக்காவின் கையைப் பிடித்து அந்தச் சிலாப்பின் தொடக்கத்துக்குக் கூட்டிப்போய், கோலை நீட்டச் செய்து, "இதுவரைக்கும்தான் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமில்லை. அந்தப் பாதியும் போட்டாச்சுன்னு தெரியற வரைக்கும் வராதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"சரிடா. நான் என்ன குழந்தையா?"

அதற்கப்புறம் டீச்சர் தன் வாசலில் நின்று பேப்பரைக் கத்திப் படித்தாள். அக்கா இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டாள். நடுவே வண்டி போகும், தண்ணீர் இரையும். "பாதி நியூஸ்தான்டி காதுல விழுது!" என்று அக்கா கத்துவாள். "பாதியாவது விழுதே!" என்று டீச்சர் கத்துவாள். மழை பிடித்துக்கொண்ட பிறகும் டீச்சர் குடையோடு நின்று கத்தினாள். கடைசியில் தொண்டை கட்டி, காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். எதிர்க்கரையில் இருந்து சத்தமே இல்லை. அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு வெளிச்சம் போனபோதுகூட இப்படித் தவித்ததில்லை.

"தனியாக் கெடக்கறாடா. ஒருவாய் வெந்நி வெச்சுக் குடுக்கக்கூட ஆளில்லை."

"பெரிய பாலம் வழியா சுத்தி நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்க்கா. கூப்பிட்டு அனுப்பியிருக்காங்க, ஆபீஸ் போய்ட்டு அப்படியே போறேன்."

அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டனுப்பியது ஒரு கௌரவத்துக்காக. பாதி சிலாப் திட்டத்தின் முதல் பயனாளி என்று அவருக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டுமாம். ஆணையர் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார். ஆணையர் வந்ததும் போட்டோக்காரர் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் கிழக்கு நகராட்சியின் விளம்பர வண்டி தெருவுக்குள் வந்தது. கூம்பு ஒலிபெருக்கி கட்டிய வண்டி. "பொதுமக்களுக்கு மகிழ்ச்சியான செய்தி! உங்கள் தெருவில் சாக்கடை மூடும் பணி முழுமையாக முடிவடைந்துவிட்டது! இனி அச்சமின்றி நடக்கலாம்!" என்று அது ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டே போனது. பொறியாளரின் கணக்கில் அது சத்தியமான வாக்கு. எங்கள் பங்கு என்ற சொல்லை மட்டும் எழுதிக் கொடுத்தவர் விட்டுவிட்டார்.

அக்கா எந்தச் செய்தியையும் லேசில் நம்புகிறவளல்ல. இதை நம்பிவிட்டாள். மேற்கும் போட்டுவிட்டதாக்கும் என்று நினைத்திருப்பாள். பிளாஸ்க்கில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு, கோலை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். முன்னே தட்டிப் பார்த்திருக்கிறாள். டொக் என்று கேட்டிருக்கிறது. சத்தத்தில் முதல் பாதிக்கும் முழுசுக்கும் என்ன வித்தியாசம்? பல வருஷம் நடந்த வழி, எங்கே அக்கரை என்று காலுக்குத் தெரியும். இரண்டாம் தடவை தட்ட வேண்டிய அவசியமே இல்லை.

தையற்காரர் சான்றிதழோடு வந்தபோது இரண்டு கரையிலும் கூட்டம். கிழக்கின் மீட்பு வண்டி கிழக்கில் நின்றது, மேற்கினது மேற்கில். தண்ணீர் பழுப்பாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. மரமுட்டில் சேலை சுற்றிக்கொண்டு அக்கா மாட்டியிருந்தாள். தலை அந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம்.

"தலை அங்கதானே இருக்கு, அவங்கதான் எடுக்கணும்" என்றார் கிழக்கின் மீட்பு அலுவலர்.

"முட்டு யாருது? அவங்க முட்டுல மாட்டியிருக்கு, நாங்க எப்படித் தொடறது?" என்றார் மேற்கின் அலுவலர்.

தையற்காரர் சான்றிதழைப் போட்டுவிட்டு அப்படியே உள்ளே குதித்தார். பின்னாலேயே கூட்டத்தில் நின்ற பால்காரர் ஒருவரும் குதித்தார். இரண்டு பேருமாக அக்காவைத் தூக்கிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டது தெருக்காரர்கள்தான். குதித்த நேரத்தில் அவளுக்கு உயிர் இருந்ததா, கூட்டம் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தபோதாவது இருந்ததா என்று பின்னால் யாரும் விசாரிக்கவில்லை. யார் விசாரிப்பது என்பது தீராமல் போயிற்று. தையற்காரருக்கு மட்டும் அந்தக் கேள்வி தீரவே இல்லை. மெஷினை மிதிக்கும்போதெல்லாம் அது கூடவே மிதிபட்டது.

வருஷக்கணக்காக அசையாத எல்லை, அடுத்த நாளே அசைந்தது. கூட்டுக்குழு அவசரமாகக் கூடியது. மழையில் நனைந்துகொண்டே கூடினார்கள், அவ்வளவு அக்கறை.

கிழக்கின் பொறியாளர் சொன்னார்: "எங்க பாதியில அந்தம்மா ரொம்பப் பத்திரமா நடந்திருக்காங்க. எங்க சிலாப்புல ஒரு கீறல் கிடையாது. விபத்து எங்க எல்லை முடிஞ்ச பிறகுதான் ஆரம்பிக்குது."

மேற்கின் பொறியாளர் சொன்னார்: "கால் தவறினது அவங்க சிலாப் மேலே. எங்க எல்லைக்குள்ள அந்தம்மா விழுந்துதான் வந்திருக்காங்க. நடந்து வந்ததா எந்தச் சாட்சியும் இல்லை."

உரக்கப் பேசிக் களைத்த பிறகு, இரண்டு ஆணையர்களும் தனியாகப் போய் ஒரு குடையின் கீழ் நின்றார்கள். திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும் அமைதி. கிழக்கின் எல்லை கிழக்குக் கரையோடு நின்றுவிடும். மேற்கின் எல்லை மேற்குக் கரையோடு. நடுவில் சாக்கடை இருவருக்கும் சம்பந்தமில்லாத நடுநிலைப் பகுதி. முந்தைய நாள் காலையில் இருந்தே அமலுக்கு வருகிறது.

அளந்து கல் நட வேண்டும். அளவுச் சங்கிலி மேற்கின் பூட்டிய அறையில் இருந்தது. கிழக்கு ஆணையர் சுற்றிலும் பார்த்தார். துக்க வீட்டு வாசலில் தையற்காரர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டேப். நேற்றில் இருந்து அதைக் கழற்ற அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஒரு நிமிஷம் அதைக் குடுங்க, தர்றோம்."

அவர் கழற்றிக் கொடுத்தார். அக்கா வாங்கிக் கொடுத்த டேப் அது. முதன்முதலாக அவளுடைய தோளைத்தான் அதில் அளந்து பழகினார். அதைக் கரையில் இருந்து கரைக்கு இழுத்துப் பிடித்து அளந்து, கல் நட்டார்கள். ஆணையர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க குடுத்த மனுதான் இதுக்கெல்லாம் ஆரம்பம். இத்தனை காலம் தீராத எல்லைப் பிரச்சினை, ஒரு உயிர்ச்சேதம்கூட இல்லாம தீர்ந்திருக்கு. உங்களை மாதிரி குடிமக்கள்தான் எங்களுக்குப் பலம்."

சொல்லி முடித்த பிறகு வீட்டுக்குள் கிடத்தியிருந்தது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கையை விட்டுவிட்டார். தையற்காரர் அவரை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் தப்பில்லை என்றுதான் நானும் சொல்வேன். அவர் அடிக்கவில்லை, டேப்பை மட்டும் கேட்டார். அது அரசு அளவைக்கு உட்பட்டுவிட்டதால் இனி தர முடியாது என்றார்கள்.

புதிய எல்லைப்படி பாதி சிலாப் நடுநிலைப் பகுதிக்குள் அத்துமீறி நீட்டிக்கொண்டிருந்தது. கிழக்கு நகராட்சி சட்டத்தை மதிக்கும் நகராட்சி. அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

டீச்சருக்குக் காய்ச்சல் விட வெகுநாள் ஆயிற்று. எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று சாயங்காலம், பேப்பரோடு வந்து தன் வாசலில் நின்றாள். எதிரே தையற்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி விரலில் ஏறிக்கொண்டே இருந்தது. டீச்சர் அவரைக் கூப்பிடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில் பாதிதான் மிச்சமிருந்தது, அதை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

"எல்லைச் சீரமைப்பு வெற்றி. இரு நகராட்சிகளும் கூட்டாக அறிக்கை. சாக்கடையில் தவறி விழுந்து, இந்த ஆண்டு இரண்டு நகராட்சிகளின் எல்லைக்குள்ளும் ஒருவர்கூட..."

அதற்குமேல் வரவில்லை. பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். வழக்கமாக வருகிற தீர்ப்புக்காகக் காது தன்னால் காத்திருந்தது. நடுவே தண்ணீர் இரைந்தது.

தையற்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"பொய்" என்றார். "அடுத்தது படிங்க, டீச்சர்."